கிண்டிலா, டேப்லெட்டா? முதலில் உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள்

கிண்டில் வாங்கலாமா, எட்டு அங்குல டேப்லெட் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், என்ன புத்தகம் படிக்கப் போகிறீர்கள், அது எந்தக் கோப்பாக இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். விலை, பேட்டரி எல்லாம் அப்புறம். தமிழில் படிப்பவருக்கு முடிவு அங்கேதான் இருக்கிறது.

படி 1: பட்டியல் போடுங்கள்

அடுத்து படிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்களையும் அவை கிடைக்கும் இடத்தையும் எழுதுங்கள். அமேசான் 2016 முதல் தமிழ் மின்னூல்களை விற்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப் கிடைக்கும்; அது திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகளைத் தானே மாற்றி அமைத்துக்கொள்ளும் மின்னூல் கோப்பு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், இலங்கையின் 'நூலகம்' என்ற இணையதளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் ஆகியவற்றில் உள்ளவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள்.

படி 2: கோப்பைச் சோதியுங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். பிடிஎஃப்பைப் போனில் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எதுவும் தேர்வாகவில்லையா? அது படம்; எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மாற்றி அமைக்க முடியாது. தேர்வானால், ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளில் போட்டு இபபாக மாற்றினாலும் அதே குழப்பம்தான் வரும். யுனிகோட் (இன்றைய பொதுவான எழுத்துக்குறி முறை) பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு. அதனால் இபப் கிடைக்கிற புத்தகத்துக்குப் பிடிஎஃப்பைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: ஆர்க்கைவ் கோப்புகள் பலவற்றில் படத்துக்கு அடியில் ஓசிஆர் எழுத்து (படத்தைப் பார்த்துக் கணினி படித்தெடுத்த எழுத்து) மறைந்திருக்கும். சொல் தேர்வாகும், ஆனால் நீங்கள் பார்ப்பது படத்தைத்தான். நன்றாகப் பெரிதாக்குங்கள், எழுத்தின் ஓரம் சொரசொரவென்று தெரிந்தால் ஸ்கேன்.

படி 3: ஸ்கேலை எடுங்கள்

கிண்டில் போன்ற ஆறு அங்குல மின்வாசிப்பான் திரை ஏறத்தாழ 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ஏ5 பக்கம் 14.8க்கு 21 செ.மீ. முழுப் பக்கத்தையும் அந்தத் திரையில் அடைத்தால் 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து 6 புள்ளிக்கும் கீழே சுருங்கும். தமிழில் ணகர, னகரச் சுழிகளை அந்த அளவில் பிரித்துப் படிப்பது கண்ணுக்குக் கொடுமை. எட்டு அங்குல டேப்லெட்டில் அதே எழுத்து 7 புள்ளிக்கு மேல் நிற்கும், விரலால் உடனே பெரிதாக்கவும் முடியும். வாங்கும் முன் கணினியில் பிடிஎஃப் பக்கத்தை 9 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். கடையில் டெமோ பார்ப்பதைவிட இது நல்ல சோதனை.

படி 4: முடிவெடுங்கள்

பட்டியலில் இபபும் கிண்டில் நூலும் அதிகமென்றால் தயங்காமல் மின்வாசிப்பான். அதன் மின்மைத் திரை (இ-இங்க்) வெயிலிலும் தெளிவாகத் தெரியும், பேட்டரி வாரக்கணக்கில் வரும், நடுவில் வாட்ஸ்அப் மணி அடிக்காது. நாவல் படிப்பவருக்கு இதற்கு ஈடே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கேன் அதிகமென்றால் டேப்லெட். பழைய இதழ்கள், வண்ணப்பட நூல்கள் படிப்பவருக்கும் அதுதான். எட்டு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்; ஏழு அங்குலம் போதாது.

இரண்டும் கலந்திருந்தால்? மின்வாசிப்பானையே வாங்கி, ஸ்கேன் நூல்களைக் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளில் ஓட்டுங்கள். அது ஓர வெள்ளையை வெட்டி, சொற்களைப் படத்துண்டுகளாகவே நறுக்கிச் சிறு திரைக்கு ஏற்ப அடுக்கித் தரும். எழுத்தைப் படித்தறிய வேண்டியதில்லை என்பதால் தமிழுக்கும் ஒத்துவரும். செய்யுளுக்கும் அட்டவணைக்கும் மட்டும் வேண்டாம், அடிகள் உடைந்துவிடும். அவற்றைத் திரையைப் படுக்கை வாட்டில் திருப்பிப் படிக்கலாம்.

பின்சேர்க்கை: மோபி என்ற பழைய வகை மின்னூல் கோப்பை, கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை ஏற்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். அந்தச் சேவை இப்போது மோபியை எடுப்பதில்லை; இபபை அனுப்புங்கள். மின்னஞ்சலில் 50 எம்பி வரைதான் போகும். அதைவிடப் பெரிய ஸ்கேன் கோப்புகளை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் நேராகப் போட்டுவிடலாம்.