பழைய தையல் மிஷினை மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

அம்மாவுடையதோ மாமியாருடையதோ ஒரு கறுப்பு மிஷின் வீட்டில் இருக்கும். உஷா, சிங்கர், மெரிட், ரீட்டா என்று ஏதோ ஒன்று. நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, மிதித்தால் கனக்கிறது என்று ஓரங்கட்டி வைத்திருப்பார்கள். இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எது தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் மிஷினை மாற்றாதீர்கள். அதன் உடம்பு வார்ப்பிரும்பு, லேசில் போகாது. முதலில் போவது ஊசி, அடி நூல் சுற்றிய பாபின் உட்காருகிற பாபின் கேஸ், மேல் நூலைக் கூர் முனையால் பிடித்து இழுக்கிற ஷட்டில், பெல்ட். நாலும் கழற்றி மாட்டுகிற சாமான்கள்.

முதலில் நூலைக் கழற்றிவிடுங்கள். பாபின் சுற்றும்போது சக்கரத்தின் நடுவில் ஒரு திருகைத் தளர்த்துவோமே, அதைத் தளர்த்திவிட்டு மிதித்துப் பாருங்கள். ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுற்றும். அப்போதும் கனமாக இருந்தால் கோளாறு ஸ்டாண்டில்தான். பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருக்கும், இல்லை மிதியின் இரண்டு முனையிலும் நூலும் தலைமுடியும் சுற்றிக் கிடக்கும். லேசாகச் சுற்றினால் கனம் தலையில், அதாவது ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கிற மிஷினில், இருக்கிறது என்று அர்த்தம்.

தலை கனக்க நிறைய வீடுகளில் காரணம் தேங்காய் எண்ணெய். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோன நாளில் கையில் கிடைத்ததை விட்டிருப்பார்கள், அது நாளாக நாளாகப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், தலையைப் பின்பக்கம் சாய்த்து அடியில் இருக்கிற மூட்டுகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, வழிகிற கறுப்பு அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. அப்புறம் கட்டாயம் நல்ல மிஷின் எண்ணெய் விட வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர தேய்மானத்தைத் தடுக்காது.

அடுத்து ஊசி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனியில் பவர் மிஷின் ஓட்டிப் பழகியவர்கள் நிறைய பேர் உண்டு, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கம்பெனி மிஷின் ஊசியின் தலை முழு உருண்டை, வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை. ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. ஊசியை நகத்தால் தடவினால் தட்டைக்கு எதிர்ப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் தட்டுப்படும். நூல் அந்தப் பள்ளத்தில் படிந்து இறங்கி, காது வழியாகத் தட்டைப் பக்கம் வெளியே வர வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் தையல் விழாது, இல்லை விட்டு விட்டு விழும். மெல்லிய துணிக்கு 11, சாதாரண ஜாக்கெட் துணிக்கு 14, கொஞ்சம் தடித்ததற்கு 16, ஜீன்ஸுக்கு 18.

பாபின் கேஸை நூல் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று கீழே இறங்கினால் தளர்வு, கையை லேசாக உதறியும் இறங்கவே இல்லை என்றால் இறுக்கம். உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கிற சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஷட்டிலை வெளியே எடுத்து அதன் கூர் முனையையும் நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் நூலை அறுப்பது அதுதான். புது ஷட்டில் போட்டால் போதும்.

இப்போது மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு, இரண்டாக மடித்த காட்டனில் தைத்துப் பாருங்கள். மேல் நூலைத் துணியை அழுத்துகிற ஃபுட்டைத் தூக்கி வைத்துத்தான் கோக்க வேண்டும், இல்லாவிட்டால் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்காது. துணிக்கு அடியில் சிவப்பு வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்வு. எல்லாரும் அடியில் தெரிகிறதே என்று பாபின் கேஸைத்தான் போய்த் திருகுவார்கள். மேலே வெள்ளை தெரிந்தால் மேல் டென்ஷன் அதிக இறுக்கம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லையா? ஊசி மாட்டுகிற கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் உள்ளே அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிற புஷ் என்கிற குழாய் தேய்ந்துவிட்டது, சக்கரத்தை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தாலும் ஆடினால் மெயின் கம்பியும் சேர்ந்து போயிருக்கிறது. வார்ப்பில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். செலவு செய்ய வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போதும் ஸ்டாண்டைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்பு ஸ்டாண்டின் கனமே அதன் பலம், மிஷின் ஆடாது. தலை மட்டும் வாங்கலாம். மேஜையில் தலை உட்காருகிற பள்ளத்தின் நீள அகலம், பின்பக்கம் இரண்டு கீல் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மாட்டிய பிறகு மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பெல்ட் கழன்றுகொண்டே இருக்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் மோட்டார் வைத்துக்கொள்ளலாம்.

கரண்டில் ஓடுகிற சின்ன ஜிக்ஜாக் மிஷின் ஓரம் அடிக்கவும் காஜா எடுக்கவும் வசதி. ஆனால் தினமும் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு நேர்த்தையல் மட்டும் போடுகிற கனமான தலைதான் என் தேர்வு. தோல் துண்டு தைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டுமே சரிவராது.

வாங்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கிற இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பற்றி விசாரியுங்கள். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம், தையல் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது லைனிங் துணி ஒரு துண்டு, பேன்ட் துணி ஒரு துண்டு கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கிற விறைப்பான துணியில் எந்த மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். லைனிங்கை ஒற்றையாகவும் பேன்ட் துணியை நாலாக மடித்தும் நீங்களே உட்கார்ந்து தைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.