மழையில் பிரெவே: புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் செட்டிநாட்டுப் பக்கம் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். வெயில் குறைந்துவிட்டது என்று பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் அப்போதுதான் கிளம்புவார்கள். 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் இதற்குள் அடக்கம். கண்ட்ரோல் (வழியில் நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டிய இடம்) தவிர வேறெங்கும் வெளியாள் உதவி கூடாது. விளக்கு, ஒளிரும் சட்டை பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை இல்லாவிட்டால் கிளம்பவே விட மாட்டார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த கூத்துகளையே இப்போது வருகிற தம்பிகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அவற்றில் சில இங்கே.

முள்ளைத் தேடாமல் டியூபை மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

தேவகோட்டை தாண்டி ராமநாதபுரம் போகிற பக்கமெல்லாம் வேலிக்கருவைதான். மழைக்காற்றில் ஒடிந்து விழும் சிம்புகளைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வந்து சாலையின் இடது ஓரத்தில் சேர்க்கும். பஸ்ஸுக்குப் பயந்து புதியவர்கள் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். காய்ந்த டயரில் ஏறாத முள்கூட நனைந்த ரப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே ஓட்டினாலே பாதிப் பஞ்சர் குறையும்.

போன மழையில் ஒரு தம்பி. நல்ல கால், விலை உயர்ந்த கார்பன் வண்டி. பின்சக்கரம் இறங்கியதும் மடமடவென்று டியூபை மாற்றிக் காற்றடித்துவிட்டார்.

“டயருக்குள்ள பாத்தியா தம்பி?”

“பாத்தேண்ணே, ஒண்ணும் இல்ல. நேரமாச்சு, போவோம்.”

கொஞ்ச தூரத்தில் மறுபடி இறங்கியது. இரண்டாவது டியூபையும் போட்டார், அதுவும் போனது. மூன்று டியூபையும் நீட்டிப் பார்த்தால் ஓட்டை ஒரே இடத்தில். வெளியே ஒடிந்துபோன முள்ளின் நுனி டயருக்குள் கடுகு அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கொட்டுகிற மழையில் ஒட்டுப் போட உட்கார்ந்தார். ஈர ரப்பரில் சொல்யூஷன் பிடிக்குமா? கண்ட்ரோல் மூடிய பிறகுதான் போய்ச் சேர முடிந்தது. ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஓட்டமே போயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டிலேயே டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டி வையுங்கள். பஞ்சரானால் டியூபில் காற்றடித்து, தேங்கிய தண்ணீரில் முக்கினால் குமிழ் வரும் (மழையால் ஆகிற ஒரே உபகாரம்). வால்வுக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு தூரமோ, டயரிலும் எழுத்திலிருந்து அதே தூரத்தில் இருபக்கமும் தேடுங்கள். வெறும் விரலை விட்டுத் துழாவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு துணியை உள்ளே ஓட்டினால் முள் இருக்கிற இடத்தில் இழுபடும். முள்ளை உள்ளேயிருந்து வெளியே தள்ள முடியாவிட்டால் டயரை மடித்துப் பிடித்துப் பிடுங்குங்கள்.

இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது முள் அல்ல. தண்ணீர் மூடிய பள்ளத்தில் ரிம் இடித்து டியூபைக் கடித்திருக்கிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் ரிம் டேப்பை (கம்பி முனை டியூபில் குத்தாமலிருக்க ரிம்மின் மேல் சுற்றியிருக்கும் பட்டை) பாருங்கள். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமானால் பஸ் நிழற்குடைக்குள் போய், துடைத்து, சொல்யூஷன் காய்கிற வரை பொறுத்திருந்து ஒட்டுங்கள். மழை நாளில் டியூப் மூன்று கொண்டு போங்கள். இரண்டு போதும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கம் ஓட்டியதில்லை.

மழையில் தாகம் தெரியாது

அதனால் குடிக்கவே மாட்டார்கள். சாப்பிடவும் மறந்துவிடும். திடீரென்று கால் கழன்ற மாதிரி ஆகிவிடும், வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தாலும் உரிக்கத் தோன்றாது. மணி அடித்தால் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு ஒரு தரம் கடலை மிட்டாயோ பழமோ, நடுநடுவே இரண்டு மடக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர்.

காரைக்குடியில் உப்புக்கறி

ஓட்டம் முடிந்த பிறகு.

தண்டவாளம்

நனைந்த இரும்பில் சாய்வாக ஏறாதீர்கள். நேர்குறுக்காக, பிரேக் தொடாமல். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால்

திரும்பிவிடுங்கள்.

பிரெவே கார்டு

கழுவிக் காயவைத்த பால் கவர் போதும். முத்திரை வாங்கிய அட்டை கூழாகிப் போய் நிற்கிறவர்களை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறேன்.

கண்ட்ரோலில் ஈரத்தோடு உட்காருவது

ஓட்டும்போது உடம்பே சூடு தரும். நின்றதும், அதுவும் பின்னிரவில், பல் கிட்டிக்கொள்ளும். கெட்டி மழைக்கோட்டு இதற்கு உதவாது, உள்ளே வியர்வை தேங்கி அதுவும் ஈரம்தான். உலர்ந்த பனியன் ஒன்றைக் கவரில் சுற்றி வைத்திருங்கள். டீ குடிக்கும் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். குடித்தபிறகு எழுந்திருக்க மனம் வராது.

சங்கிலி

மழையும் செம்மண்ணும் சேர்ந்தால் எண்ணெய் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது. சின்னக் குப்பியில் ஈரத்துக்கான எண்ணெய் எடுத்துப் போங்கள். சத்தம் வரும்வரை காத்திருக்காமல் கண்ட்ரோலில் துடைத்துவிட்டுக் கொஞ்சம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன்.