வீட்டு சர்வர் படுத்துவிட்டதா? கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் மாமா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். மத்தியானம் இடி மின்னலோடு மழை கொட்டியதில் வீட்டு மெயின் இரண்டு தடவை டிரிப் ஆகியிருக்கிறது. "தம்பி, அந்தப் பெட்டி பீப் பீப்னு கத்துது. சிவப்பு லைட் எரியுது. திரையில ரிப்பேர்னு ஒரு பட்டன் வருது. அமுக்கிடட்டுமா?"

"வேண்டாம் மாமா. எதையும் அமுக்காதீங்க. முறையா ஷட் டவுன் மட்டும் பண்ணுங்க, நான் வந்துடறேன்."

அந்தப் பெட்டி நான்கு டிஸ்க் போட்ட நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் வீட்டு சர்வர். பதினைந்து வருடப் படங்கள், மகளின் கல்யாண வீடியோ, ஊர் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதற்குள்தான். கடைசியில் ஒரு கோப்புகூடப் போகவில்லை. அவர் அந்தப் பட்டனை அமுக்காமல் விட்டதற்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டு சர்வர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பெட்டி பழுதானதால் தரவை இழந்தவர்களைவிட, பழுதான பிறகு பதற்றத்தில் எதையோ செய்து இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கில் பதிந்தது, அதே இடத்தில் வேறொன்று பதியும் வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆகவே ஒவ்வொரு அடிக்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தால் டிஸ்க்கில் ஏதாவது எழுதப்படுமா? எழுதப்படும் என்றாலோ, தெரியவில்லை என்றாலோ, கையை எடுத்துவிடுங்கள்.

உடனே ரீபில்ட் போடுவது

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறைதான் ரெய்ட். ரெய்ட் 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றில் உள்ள பாரிட்டி என்ற உபரித் தகவலை வைத்துத் தரவைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் போகும் வரை தாங்கும். இதை நம்பித்தான் புது டிஸ்க்கைச் செருகிவிட்டு ரீபில்டை ஓடவிடுகிறோம். ரீபில்ட் என்பது போன டிஸ்க்கின் தரவைப் புதியதில் திரும்ப உருவாக்கும் வேலை. ஆனால் அதற்கு மிச்சமுள்ள எல்லா டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு கட்டம்) கடைசி செக்டர் வரை படிக்க வேண்டும். அவையும் அநேகமாக அதே நாளில் வாங்கியவை, அதே சூட்டில் அத்தனை வருடம் ஓடியவை. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், சுமார் 12.5 டெராபைட் படித்தால் மீட்க முடியாத வாசிப்புப் பிழை ஒன்று வரலாம் என்ற கணக்கில்தான் வரம்பு போட்டிருப்பார்கள். நடைமுறையில் பல டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. இருந்தாலும் மூன்று கிழட்டு 4 டெராபைட் டிஸ்க்குகளை ஒரே மூச்சில் படிக்கச் சொல்வது சின்ன வேலையல்ல.

ஒரு டிஸ்க் மட்டும் போய், பெட்டி இன்னும் திறக்கிறது என்றால், ரீபில்டுக்கு முன் முக்கியமானவற்றை வெளியே எடுங்கள். படங்கள், பத்திரங்கள் முதலில். இணையத்தில் மறுபடி கிடைக்கும் சினிமாக்கள் கடைசியில். நடுவில் இன்னொரு டிஸ்க் விழுந்தாலும் விலை மதிக்க முடியாதவை கையில் இருக்கும்.

இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் செத்துவிட்டதாகப் பெட்டி சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது அபூர்வம். மாமா வீட்டில் நடந்தது அதுதான்: நான்கில் இரண்டைக் காணோம் என்றது. முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. சிம் லிம் ஸ்குவேரில் அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் கொண்ட அடாப்டர் ஒன்று வாங்கி வந்தேன். டிஸ்க் இல்லாமல் அதை மாட்டிப் பார்த்ததும் பெட்டி ஒழுங்காக எழுந்தது. பழைய அடாப்டர் நொந்துபோய், நான்கு டிஸ்க்கும் சேர்ந்து சுழலத் தொடங்கும்போது தேவைப்படும் மின்சாரத்தைத் தர முடியாமல் இருந்திருக்கிறது. அந்த இரண்டு டிஸ்க்கில் எதுவும் சாகவில்லை.

டிஸ்க்குகளை அடையாளமில்லாமல் கழற்றுவது

கழற்றும் முன் மாஸ்கிங் டேப் எடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்த இடத்தில் இருந்தது, சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்து என்ன என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். போனில் ஒரு படமும் எடுங்கள். ஐந்து நிமிட வேலை. லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும் பெயர்கள் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மாறலாம். சீரியல் எண் மாறாது.

இங்கே விண்டோஸ் லேப்டாப்பில் செருகிப் பார்க்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸுக்குப் புரியாது. "இனிஷியலைஸ் செய்யவா", "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். எதற்கும் ஓகே கொடுக்காமல் கழற்றிவிடுங்கள்.

அசலிலேயே பரிசோதனை செய்வது

வசதி இருந்தால் முதலில் பிரதி எடுங்கள், பிறகு பிரதியின் மேல் பரிசோதனை செய்யுங்கள். 18 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கி, மாமாவின் நான்கு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக அதில் இமேஜ், அதாவது முழுப் பிரதி, எடுத்தோம். ஒரு டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம். இரண்டு நாள் வேறெதையும் தொடாமல் காத்திருந்தது மாமாவுக்குப் பெரிய சோதனை. அந்த டிஸ்க்கின் விலையைக் கேட்டு அவர் முதலில் தயங்கினார். தரவு மீட்பு நிலையத்துக்குப் போனால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும் என்றதும் சம்மதித்தார்.

பிரதி எடுக்க குனு டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. மற்ற காப்பி முறைகள் கெட்ட செக்டரில் மாட்டிக்கொண்டு அதே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும், டிஸ்க் இன்னும் நோகும். இது கெட்ட பகுதியைத் தாண்டிப் போய் நல்லதை முதலில் அள்ளிவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். எது வரை படித்தது என்று குறித்துக்கொள்ளும் மேப் ஃபைல் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் மூலம் முதலில், இலக்கு அடுத்து. இந்த வரிசை மாறினால் வெற்று டிஸ்க்கை அசலின் மேல் எழுதிவிடுவீர்கள். சீரியல் எண்ணைப் பார்த்து வாய்விட்டுப் படித்த பிறகே என்டர் தட்டுவேன். இன்றும் அப்படித்தான்.

கிரியேட்

2014இல் என் சொந்த சர்வரில் இந்தத் தவறைச் செய்தேன். ரெய்ட் எழவில்லை. எங்கோ படித்ததை நம்பி, லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியில் "கிரியேட்" கட்டளையைக் கொடுத்தேன். அதே டிஸ்க்குகள்தானே, அதே ரெய்ட் வந்துவிடும் என்று நினைத்தேன். டிஸ்க் வரிசை மாறியிருந்தது. கருவியோ புது அமைப்பு என்று நம்பி, பாரிட்டியைக் கணக்கிட்டு எழுதத் தொடங்கிவிட்டது. நான் கவனித்து நிறுத்துவதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்த பாட்டியின் தாலாட்டு அதில் இருந்தது. கேசட்டை எடுத்துப் பார்த்தால், நம் ஊர் ஈரத்தில் நாடா முழுக்கப் பூஞ்சை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெய்டின் விவரம் ஒரு சிறு பகுதியில் எழுதியிருக்கும். அதை சூப்பர்பிளாக் என்கிறோம். இன்றைய வழக்கமான 1.2 வடிவத்தில் அது தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். டிஸ்க்குகளின் வரிசை, தரவைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு, தரவு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. "கிரியேட்" அதை அழித்துப் புதிதாக எழுதும். எம்டிஅட்ம் பதிப்பு வேறாக இருந்தால் தரவு தொடங்கும் இடமும் மாறிப் போகலாம். செய்ய வேண்டியது வேறு: "எக்ஸாமின்" கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் விவரத்தையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு "அசெம்பிள்" மட்டும். அது ஏற்கெனவே உள்ள விவரத்தை வைத்தே டிஸ்க்குகளைச் சேர்க்கும்.

மாமா பெட்டியின் எக்ஸாமின் விவரத்தில் நான் முதலில் தேடியது இவெண்ட் எண்ணை. ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் கூடும். 1, 2 டிஸ்க்குகளில் 48,216. மூன்றாவதில் 48,213. நான்காவதில் 47,590. கதை புரிந்துவிட்டது. முதல் டிரிப்பில் நான்காவது கழன்றிருக்கிறது, ரெய்ட் மூன்றை வைத்து ஓடியிருக்கிறது. அடுத்த டிரிப்பில் மூன்றாவதும் கழன்று மொத்தமும் நின்றிருக்கிறது. மூன்றாவது மூன்றே படி பின்தங்கியது, நான்காவது நெடுந்தூரம். ஆகவே 1, 2, 3 இமேஜ்களை மட்டும் வைத்து, பின்தங்கியதையும் ஏற்கச் சொல்லும் "ஃபோர்ஸ்" சேர்த்து அசெம்பிள் செய்தோம். நான்காவதை வெளியே வைத்தோம். மூன்றாவதை விட்டு நான்காவதைச் சேர்த்திருந்தால் பழைய துண்டுகளும் புதிய துண்டுகளும் கலந்து கோப்புகள் கந்தலாகியிருக்கும்.

இசட்எஃப்எஸ் என்ற வேறு சேமிப்பு முறையை வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். பூலை (அதில் டிஸ்க்குகளின் தொகுப்புக்கு அதுதான் பெயர்) "இம்போர்ட்" செய்யுங்கள், முடிந்தால் ரீட் ஒன்லியாக. புதிதாக உருவாக்காதீர்கள். ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளில் பூலைத் துண்டிக்கும் திரையில் தரவை அழிக்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் விழாமல் பாருங்கள்.

ஃபைல் சிஸ்டத்தை "சரி" செய்வது

ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை) மவுண்ட் ஆகவில்லை, அதாவது திறக்கவில்லை என்றதும் பலர் எஃப்எஸ்சிகே என்ற பழுது பார்க்கும் கருவியை ஓட்டுகிறார்கள். ரெய்ட் தப்பாகச் சேர்ந்திருந்தால், அந்தக் கருவி கண்ணில் படுவதையெல்லாம் பிழை என்று நினைத்துத் "திருத்தும்". அந்தத் திருத்தத்தில் நல்ல கோப்புகளும் போகும். எக்ஸ்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 எல்லாம் ஃபைல் சிஸ்டம் வகைகள். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரில் பெரிய எல் (-L) தேர்வு, எழுதி முடிக்காத பதிவுகளைத் தூக்கி எறிந்துவிடும். பிட்டிஆர்எஃப்எஸ்ஸின் ரிப்பேர் தேர்வு வேறு வழியே இல்லாதபோது தொட வேண்டியது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இஎக்ஸ்டி4ஐ ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை, அதாவது முடிக்காத மாற்றங்களின் பதிவை, ஓட்டி டிஸ்க்கில் எழுதக்கூடும். "நோலோட்" சேர்த்தால்தான் எழுதாது. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு அந்தச் சொல் "நோரிகவரி".

டேட்டா டிஸ்க்கோடு ஓஎஸ் போடுவது

பூட் ஆகும் யூஎஸ்பியோ எஸ்எஸ்டியோ போனால் டேட்டா டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஓஎஸ் போடுங்கள், பிறகு மாட்டுங்கள். டிஸ்க்குகளைப் புது நாஸ் பெட்டிக்கு மாற்றும்போது "மைக்ரேட்", "புதிதாக நிறுவு" என்று இரண்டு வழி கேட்டால் முதலாவதுதான் வேண்டும்.

ஃப்ரீசரில் வைப்பது

கிளிக் கிளிக் என்று தட்டும் டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பிழைக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் தண்ணீர் பாட்டில் எப்படி வியர்க்கிறது என்று பாருங்கள். டிஸ்க்கும் அப்படித்தான் வியர்க்கும். தட்டும் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். திறக்கவும் வேண்டாம். உள்ளே படிக்கும் தலை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசு போதும். அது தரவு மீட்பு நிலையத்தின் வேலை.

பூட்டிய கோப்புகளை அழிப்பது

2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியது. இப்படி ஆனால் நெட்வொர்க் கேபிளை உடனே கழற்றுங்கள். ஆனால் ஃபேக்டரி ரீசெட் போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்து போலீஸார் அந்தக் கும்பலையே ஏமாற்றி, பூட்டிய கோப்புகளைத் திறக்கும் 155 சாவிகளை வாங்கினார்கள். அது பயன்பட்டது, பூட்டிய கோப்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான்.

பழைய டிஸ்க்குகளை அவசரமாகத் துடைப்பது

எல்லாம் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் பழையதை ஃபார்மேட் செய்து வேறு வேலைக்குப் போட மனம் துடிக்கும். கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. திறந்து பாருங்கள், வீடியோ என்றால் கடைசி வரை ஓட்டுங்கள். மாமாவும் அத்தையும் மகளின் கல்யாண வீடியோவை அப்படித்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். தாலி கட்டுவதற்குச் சற்று முன் படம் அப்படியே நின்றுவிட்டது. அத்தை என்னைப் போனில் கூப்பிட்டபோது குரலே வரவில்லை. காப்பி நடுவில் அறுந்து, பெயர் மட்டும் வந்து பாதி உள்ளடக்கம் வராமல் போயிருந்தது. இமேஜ்கள் அந்த 18 டெராபைட் டிஸ்க்கில் அப்படியே இருந்தன. மறுபடி அசெம்பிள் செய்து அந்த ஒரு கோப்பை எடுக்க அரை மணி நேரம் ஆனது. இப்போது அதன் பிரதி ஒன்று பொங்கோலில் மகள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. மாஸ்கிங் டேப் ஒட்டிய நான்கு பழைய டிஸ்க்குகளையும் மாமா இன்னும் துடைக்கவில்லை.