செட்டிநாட்டுப் பழைய ஏடுகளை மின்னாக்க ஒரு இணையவழிப் பயிற்சி: நடத்துவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு கைமாறினால் கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாவற்றுக்கும் விலை பேச ஆள் வந்துவிடுவார்கள். பரண்மேல் இருக்கும் பேரேடும் கடிதக்கட்டும்தான் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போகும். அதனால் சபை நூலகம், கோயில் அலுவலகம், பூட்டிக் கிடக்கும் வளவு வீடு (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) என்று எதைப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும் அவருக்கு மின்னாக்கம், அதாவது ஏட்டைப் படமெடுத்துக் கணினியில் சேமிப்பது, சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அதையும் இணையவழியில் நடத்துவதுதான் நம்ம ஊருக்குச் சரிப்படும். சாவி கானாடுகாத்தானில் ஒருவரிடம் இருக்கும், பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள், அந்தக் கணக்கெழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவரோ கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருப்பார். இவர்களை எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்துக்கு இரண்டு பேர் என்று கேளுங்கள்: ஒருவர் கேமரா, கணினி பழகியவர், இன்னொருவர் பழைய எழுத்தை வாசிக்கக்கூடியவர். ஐந்தாறு இடங்களுக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். மீதி வாரம் முழுக்க அவரவர் தங்களிடம் இருக்கும் ஒரே ஒரு ஏட்டை வைத்து வேலை செய்யட்டும், அடுத்த வகுப்பு அந்தப் படங்களைப் பற்றித்தான். ஸ்லைடு காட்டிப் பேசிக்கொண்டே போகும் வகுப்பால் ஒரு பக்கம்கூட மின்னாக்கம் ஆகாது.

முதல் வகுப்பில் கேமராவை எடுக்கவே விடாதீர்கள், அனுமதியைப் பேசுங்கள். நம்ம வீடுகளில் பெரும்பாலும் ஒரு சொத்துக்குப் பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், பாத்தியதை. ஒருவர் சரி என்றது எல்லோரும் சரி என்றதாகாது. படம் எடுக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா, மற்றவர் பயன்படுத்தலாமா என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு), ஜாதகம், கடன் பத்திரம் போன்றவற்றைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தலாம், ஆனால் குடும்பம் சொல்லும்வரை வெளியே விடக்கூடாது. அச்சான நூல் என்றால் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படமெடுப்பதைச் சொல்லித்தரும்போது ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், எல்லோருக்கும் உடனே பிடிபடும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 6000க்கு 4000 பிக்சல். 18 அங்குல உயரப் பேரேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும். விரித்து வைத்து 24 அங்குல அகலத்தை ஒன்றாக எடுத்தால் 250தான், நமக்குக் குறைந்தது 300 வேண்டும். ஆக, பெரிய ஏட்டைப் பக்கம் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். முற்றத்து வெளிச்சம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம் என்று மாறும். ஜன்னலை அடைத்துவிட்டு ஒரே மாதிரி இரண்டு எல்இடி விளக்கை இரு பக்கமும் சாய்வாக வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். அளவுகோலும் வண்ண அட்டையும் படத்துக்குள் இருக்கட்டும். கை சுத்தமாக, உலர்ந்து இருந்தால் காகிதத்தைத் தொடக் கையுறை தேவையில்லை. பயிற்சி பெறுபவர் இன்னொரு போனை மேசையைப் பார்த்து வைத்து வகுப்பில் சேர்ந்தால் விளக்கு எங்கே நிற்கிறது, ஏட்டை எப்படிப் பிடிக்கிறார் என்று நீங்களே பார்த்துத் திருத்தலாம்.

ஓலைச்சுவடிக்கு எண்ணெய் போடுவது, மை தடவுவது எதையும் இணையத்தில் கற்றுக்கொடுக்க வேண்டாம். கை பழகியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்தால் மை ஏறாத எழுத்தும் ஓரளவு தெரியும், அதுவரை போதும்.

இனி உண்மையான வேலை, விவரப் பட்டியல். இதற்கு இரண்டு மூன்று வகுப்புகளாவது ஒதுக்குங்கள், பெரியவர்கள் கட்டாயம் இருக்கட்டும். பேரேட்டில் 'விகாரி வருஷம்' என்று இருக்கும். அது 1899ஆ 1959ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர்தான் வரும். ஒட்டியிருக்கும் ரெவின்யூ ஸ்டாம்ப்பில் யார் தலை, கணக்கு அணாவிலா, 1957இல் வந்த நயா பைசாவிலா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஏட்டில் இருப்பதை ஒரு கட்டத்திலும், நீங்கள் கணித்த ஆண்டை அடுத்த கட்டத்திலும் எழுத வைக்க வேண்டும், ஒன்றை அழித்து மற்றதை எழுதக்கூடாது. கடையின் விலாசத்துக்கு என்று ஒரு கட்டம் வேண்டும். விலாசம் என்றால் இங்கே முகவரி அல்ல, கடைக்குப் பெயராக வைத்த குடும்ப முதலெழுத்துகள். அந்த முதலெழுத்துகளை வைத்துத்தான் ரங்கூன் கடை ஏடும் ஈப்போ கடை ஏடும் ஒரே குடும்பத்துடையது என்று சேர்க்க முடியும். தமிழ் எண்கள், மாகாணி, முந்திரி போன்ற பழைய பின்னங்கள் எல்லாம் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் வகுப்பில் விளக்கும்போது அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், அந்த ஒலிப்பதிவும் ஆவணம்தான்.

சேமிப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த 24 மெகாபிக்சல் படம் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக ஏறத்தாழ 72 எம்பி, 400 பக்கப் பேரேடு கிட்டத்தட்ட 29 ஜிபி. இதை ஊர் இணையத்தில் ஏற்றச் சொல்லி யாரையும் படுத்தாதீர்கள். இரண்டு ஹார்ட்டிஸ்க், இரண்டும் வேறு வேறு வீட்டில், மூன்றாவது பிரதி வெளியூரில் ஒரு நிறுவனத்தில். வகுப்புக்குக் காட்ட இரண்டு ஜேபெக் (JPEG) படம் போதும், அதையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

பாடத்துக்கு அடிப்படையாக, 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் (Endangered Archives Programme) வெளியிட்டிருக்கும் வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. மின்னாக்கம் முடிந்ததும் மூலத்தைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள். அவர் 1992இல் மறைந்த பிறகும் அவர் சேர்த்த நூல்கள் சிதறாமல் சென்னைக்கு வந்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாகின. இன்றும் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி வைத்ததால்தான்.

சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் ஒரு ஏடு முழுக்க, விவரப் பட்டியலோடு முடித்தவருக்கு மட்டும் கொடுங்கள். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை குழுவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். யார் வீடு விலை பேசப்படுகிறது, எந்த நூலகத்தில் கரையான் ஏறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும், அடுத்த குழுவில் முதல் இடம் அவர்களுக்கு.