காருக்கு அடியில் படுக்கும் முன் தரையைப் பாருங்கள்

வீட்டு கராஜில் காரைத் தூக்கி வேலை பார்க்க நினைப்பவர்கள் முதலில் ஜாக்கி வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் தரையைக் கவனிக்க வேண்டும். மண், தார், டைல்ஸ் மூன்றும் உதவாது. வெயிலில் இளகிய தாரில், தூக்கிய காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். டைல்ஸோ பாரம் ஓரிடத்தில் விழுந்ததும் விரிசல் விடும். சுமார் 10 செ.மீ. தடிமனுள்ள, விரிசலில்லாத காங்கிரீட் வேண்டும். தண்ணீர் வடிய விட்ட வாட்டம் சிறிதானாலும், கார் உருள அது போதும்.

சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியின் தலை நேராக மேலே போகாது, வில்போல் வளைந்து ஏறும். அதற்கு ஈடாக ஜாக்கி தரையில் உருண்டாக வேண்டும். ஒரு ஜல்லிக்கல் குறுக்கே கிடந்தாலும் போதும், கார் இழுபடும், அல்லது தலை நழுவும். ஆகவே துடைப்பமும் இங்கே ஒரு கருவிதான்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

ஜாக்கி தூக்க மட்டுமே. உள்ளே ஒரு சீல் கசிந்தால் இறங்கிவிடும். தாங்குவது ஸ்டாண்ட். அதில் போட்டிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். கார் கையேடு காட்டும் இடத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். ஆயில் பானிலோ அடித்தகட்டிலோ வேண்டாம். ஸ்டாண்டின் உயரத்தைப் பூட்டும் பல் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, மெதுவாக இறக்கி, காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி தூக்கிச் சரிசெய்யுங்கள். ஜாக்கியைக் காரில் லேசாகத் தொட்டபடி இருக்க விட்டு, கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்க வைத்தால் இன்னும் நல்லது. ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம்: அது வளையாது, முனகாது, ஒரே நொடியில் நொறுங்கும்.

தூக்குவதற்குப் பதில், அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் தோண்டலாமா? வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். விளக்கும் எல்இடியாக இருக்கட்டும். சூடான குண்டு பல்பில் ஒரு துளி பெட்ரோல் பட்டால் வெடிக்கும்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே இளக்கிவிடுங்கள். ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரில் நீளமான கம்பி போட்டு இழுக்கக் கூடாது.