காரைக்கால் அம்மையாருக்கு மெட்டுப் போடலாம் வாங்க (முதல்முறை முயல்பவர்களுக்கு)

கீபோர்டு வேண்டாம். சுருதியோடு சேர்ந்து பாட வந்தால் போதும். தம்பூரா ஆப்பும் ரெக்கார்டிங் ஆப்பும் உள்ள ஒரு போன், ஒரு ஜோடி ஜால்ரா. ஜால்ரா இல்லையென்றால் மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவுக்குப் போகிறோம். அந்த அறுபத்துமூவரில் இவரும் ஒருவர். செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, கையில் தாளத்தோடு (அதாவது ஜால்ராவோடு) பாடிக்கொண்டிருப்பார். அந்தக் கையைக் கவனியுங்கள். தாளம் போட்டுக்கொண்டே பாடியவருக்கு மெட்டை முதலில் யோசித்தால் சரிவராது. அதனால்தான் ஜால்ரா.

ஒருநாள் ஓய்வு கிடைத்தால் சென்ட்ரலில் அரக்கோணம் மின்சார ரயில் ஏறித் திருவாலங்காடு போய்வாருங்கள். அவர் பாடிய ஊர்.

படி 2: ஒரே ஒரு வரி

திருவாலங்காட்டைப் பற்றி அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தை முழுசாக எடுக்காதீர்கள். முதல் பாட்டை முடிக்கும் இந்த வரி போதும் ('எங்கள் அப்பன் இடந்திரு ஆலங்காடே' என்ற முடிவு பிற பாட்டுகளிலும் திரும்பி வரும்):

அங்கம் குளிர்ந்தனல் ஆடும் எங்கள் அப்பன் இடந்திரு ஆலங்காடே

மெட்டில்லாமல் இருபது தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'அங்', 'ளிர்ந்', 'ஆ' என்ற இடங்களில் நாக்கு தானாக அழுத்தும். அங்கே ஜால்ரா தட்டுங்கள். ஆடும் சிவனைச் சுற்றியிருப்பது நெருப்பு, அவர் உடம்போ குளிர்ந்திருக்கிறது. இதைப் பாடியவர் அழவில்லை, கொண்டாடுகிறார். சோக வயலினைத் தூரப் போடுங்கள்.

படி 3: ராகம்

இந்தப் பதிகத்தின் பண் (பழந்தமிழ் ராகம்) நட்டபாடை. ஓதுவார்கள் (கோயில்களில் திருமுறை பாடுபவர்கள்) அதைக் கம்பீர நாட்டை ராகத்தில் பாடுகிறார்கள். ச க ம ப நி, ஐந்தே சுரம். ரியும் தவும் கிடையாது. இதில் க அந்தரக் காந்தாரம், ம சுத்த மத்தியமம், நி காகலி நிஷாதம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான ராகம் ஏது? 'ச க ம ப' என்று ஏறி, பஞ்சமத்தில் சற்று நின்று, 'ப ம க ச' என்று இறங்கிப் பாருங்கள். பாதி மெட்டு வந்துவிட்டது.

படி 4: மாங்கனி

வாழ்க்கைக் கதையையும் சேர்க்க ஆசை வரும். மொத்தத்தையும் திணிக்காதீர்கள். பெரியபுராணத்தில் புனிதவதியார் (அம்மையாரின் இயற்பெயர்) இறைவனை வேண்டி ஒரு கனி பெற்றுக் கணவனுக்குக் கொடுக்கிறார். அவன் நம்பாமல் இன்னொன்று கேட்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது. இதற்குச் சொல்லே வேண்டாம். 'ச க ம ப' முழுதாக ஒரு முறை. அடுத்த முறை 'ச க ம' வரை போய், பஞ்சமம் வர வேண்டிய இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். தம்பூரா மட்டும் ஓடட்டும். அந்த வெற்றிடம்தான் மாங்கனி.

படி 5: வாத்தியம்

பதிகத்திலேயே ஒரு பாட்டு துத்தம், கைக்கிளை, விளரி, தாரம் என்று சுரப் பெயர்களையும், சச்சரி, கொக்கரை, தக்கை, மொந்தை என்று வாத்தியங்களையும் அடுக்குகிறது. அதைப் பார்த்து ஏமாந்து நான் முதல் முயற்சியில் பன்னிரண்டு டிராக் போட்டேன், இடிச்சத்தம் உட்பட. கேட்ட நண்பன், "பேய்ப் பட டிரெய்லராடா?" என்றான். குரல், ஜால்ரா, தம்பூரா போதும். ரொம்ப ஆசையிருந்தால் ஒரு உடுக்கை.

படி 6: பதிவு

ஃபேனை நிறுத்துங்கள், வியர்க்கும், பரவாயில்லை. ஜால்ராவைப் போனிலிருந்து நான்கடியாவது தள்ளி வைத்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் குரலை விழுங்கிவிடும். கடைசித் தட்டின் ரீங்காரம் முழுக்க அடங்கட்டும், அப்புறம் மனதுக்குள் நாலு எண்ணிவிட்டு ஸ்டாப் அழுத்துங்கள். என் பதிவில் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இருக்கிறது.