கோ-ஒப் வீட்டுக்காகக் காத்திருப்பவர்களும் உள்ளே இருந்து அல்லல்படுபவர்களும் தெரிந்திருக்க வேண்டியவை

ரொறன்ரோவில் கோ-ஒப் வீடு பற்றி எங்கள் சனத்திடம் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். லிஸ்டில் பெயர் போட்டு இத்தனை வருஷம், இன்னும் ஒரு கோல்கூட வரவில்லை என்பார்கள். உள்ளே வந்தவர்களைக் கேட்டால், பாத்ரூம் சீலிங் ஒழுகுது, சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு, போர்டில் இருக்கிறவை தங்கட ஆட்களுக்குத்தான் செய்யினம் என்பார்கள். இரண்டு கவலையும் நியாயமானவை. நான் ஸ்காபரோவில் ஒரு கோ-ஒப்பில் 15 வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் கொஞ்சக் காலம் நிர்வாக சபையிலும் இருந்தேன். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் தெரியும். எதை யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் சரியில்லாத இடத்தில் மாதக்கணக்கில் அலைந்து களைத்துப் போகிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கோ-ஒப் என்றால் என்ன

நீங்கள் அங்கே வாடகைக்காரர் இல்லை, வீட்டுச் சொந்தக்காரரும் இல்லை. அங்கத்தவர். உள்ளே போகும்போது ஒரு டெபாசிட் கட்டுவீர்கள். மாதா மாதம் கட்டுகிற காசுக்குப் பெயர் ஹவுசிங் சார்ஜ். வெளியே போகும்போது டெபாசிட் திரும்பி வரும், அவ்வளவுதான். விற்கவோ பிள்ளைக்குச் சீதனமாக எழுதவோ முடியாது. கட்டடத்தை நடத்துவது அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிற நிர்வாக சபை, மனேஜர் அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்பவர்.

ஒரே கொரிடோரில் ஒரு வீட்டுக்காரர் முழுக் கட்டணம் கட்டுவார், அடுத்த வீட்டுக்காரர் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டுவார். இந்த இரண்டாவது வகைக்குத்தான் சப்சிடி என்கிறோம். அதை முடிவு செய்கிற விதிகள் கோ-ஒப்புடைய சொந்த விதிகள் அல்ல. ரொறன்ரோ நகரத்தின் கீழ் இருக்கிற கோ-ஒப்களுக்கு 2011ஆம் ஆண்டு ஒன்ராறியோ வீட்டுச் சேவைகள் சட்டமும் நகரத்தின் உள்ளூர் விதிகளும் பொருந்தும். மத்திய அரசின் திட்டத்தில் கட்டிய கோ-ஒப்களுக்கு வேறு ஒப்பந்தம், வேறு கணக்கு. உங்களுடையது எந்தத் திட்டம் என்று மனேஜரிடம் கேளுங்கள். கேட்டு ஈமெயிலில் பதில் வாங்குங்கள். அடுத்த கோ-ஒப்பில் இருக்கிற மச்சாள் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். சப்சிடி பற்றி நான் கீழே சொல்வது நகரத்தின் கீழ் இருக்கிற கோ-ஒப்களுக்கு.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு

சப்சிடி வீட்டுக்கு நகரத்தின் பொது லிஸ்டில் பெயர் போட வேண்டும், கோ-ஒப் வாசலில் போய்க் கேட்டால் தர மாட்டார்கள். முழுக் கட்டணம் கட்டி இருக்க முடியுமென்றால் அந்தந்தக் கோ-ஒப்புக்கே நேராக விண்ணப்பிக்கலாம், அதற்கு ஒவ்வொரு இடத்திலும் தனி லிஸ்ட். ரொறன்ரோ கோ-ஒப் வீட்டுக் கூட்டமைப்பின் இணையத்தளத்தில் கோ-ஒப்களின் விவரம் இருக்கிறது. எது புதிய விண்ணப்பம் எடுக்கிறது என்று பார்த்து நாலைந்து இடத்தில் போடுங்கள். ஒரு இடத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

பொது லிஸ்டில் 10 வருஷத்துக்கு மேல் காத்திருப்பது இங்கே சாதாரணம். கனடாவில் 1973இல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் கோ-ஒப்கள் பெருவாரியாக எழும்பின. மத்திய அரசு 1992இல் புதிதாகக் கட்டுவதற்குக் காசு கொடுப்பதை நிறுத்தியது, ஒன்ராறியோவும் 1995இல் நிறுத்தியது. அதற்குப் பிறகு மிகக் கொஞ்சம்தான் கட்டினார்கள், சனமோ பெருகிக்கொண்டே போனது. 2024இல் மத்திய அரசு 1.5 பில்லியன் டொலரில் புதிய கோ-ஒப் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, ஆனால் அந்த வீடுகள் எழும்பி ஆட்கள் குடிபோகக் காலம் எடுக்கும்.

இந்தக் காத்திருப்பில் ஆட்கள் இடம் இழப்பது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பேஸ்மென்ட்டில் இருந்தபடி ஏழு வருஷம் லிஸ்டில் காத்திருந்தவர். நடுவில் வீடு மாறினார், போன் நம்பரும் மாறியது. லிஸ்டுக்கு அறிவிக்கவில்லை. வருஷா வருஷம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் பழைய விலாசத்துக்கே போனது. அவர் அழுதுகொண்டு வந்து காட்டியது விண்ணப்பம் இரத்தாகிவிட்டது என்கிற ஒரு பக்கக் கடிதத்தைத்தான். ஆகவே வீடு மாறினால், நம்பர் மாறினால், பிள்ளை பிறந்தால், கணவன் மனைவி பிரிந்தால், அந்தக் கிழமையே ஒன்லைன் கணக்கில் மாற்றுங்கள். மாற்றிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். குடும்ப வன்முறையில் இருந்து வெளியேறுகிறவர்களுக்கும் ஆட்கடத்தலில் இருந்து தப்பியவர்களுக்கும் விசேட முன்னுரிமை இருக்கிறது, அதற்குத் தனிப் படிவம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அது உங்கள் உரிமை.

இன்னொன்று. முன்பு மூன்று வீடுகள் தந்து பார்ப்பார்கள், இரண்டை வேண்டாமென்று சொல்லலாம். அந்தக் காலம் போய்விட்டது. 2021இல் இருந்து ஒரு வீட்டை மறுத்தாலே, தக்க காரணம் இல்லாவிட்டால், லிஸ்டில் இருந்து பெயர் எடுபடும். உண்மையில் போய் இருக்கக்கூடிய கட்டடத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். பஸ் எடுத்துப் போய், பிள்ளையின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பனிக்காலத்தில் நடக்க முடியுமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். கோ-ஒப் என்பதால் அங்கத்தவராகப் பொறுப்பு எடுக்க விருப்பமா என்று பார்க்கிறார்கள். அங்கே அதிகம் எடுபடாத பதில் "எங்களுக்கு வீடு அவசரமாக வேணும்" என்பது. வந்திருக்கிற எல்லாருக்கும் அவசரம்தான். என்ன செய்து தருவீர்கள் என்று சொல்லுங்கள். பூந்தோட்டம் பார்க்கலாம், கூட்டத்துக்குக் கதிரை அடுக்கலாம், வயதானவர்களுக்குக் கடிதத்தை வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தலாம். ஆங்கிலம் தடுமாறினால் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சப்சிடியில் இருப்பவர்களுக்கு

கணக்கு இப்படி. குடும்பத்தின் ரக்ஸ் மதிப்பீட்டுக் கடிதத்தில் 23600 என்கிற வரியில் உள்ள நிகர வருமானத்தை எடுப்பார்கள். வருஷத்துக்கு 36,000 டொலர் என்றால் மாதம் 3,000, அதில் 30 வீதம், சுமார் 900 டொலர். வேலை வருமானத்துக்கான சிறு கழிவு, ஹைட்ரோ (மின்சாரம்), தண்ணீர் என்று கூட்டிக் கழித்து முடிவு வரும். பிள்ளைகளுக்கு வருகிற சைல்ட் பெனிபிட் இந்த வரியில் சேராது. முழுநேரமாகப் படிக்கிற பிள்ளையின் வருமானமும் சேராது, ஆனால் படிக்கிறார் என்கிற கடிதத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்த முறை சில வருஷமாக நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் ரக்ஸ் கட்டாயம் பைல் பண்ண வேண்டும். வருமானம் 20 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் வருஷ முடிவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், இடையிலேயே திரும்பக் கணக்குப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் சனம் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு. முதலாவது ஊர் வீடு. சப்சிடி எடுக்கிறவரின் பெயரில் வருஷம் முழுக்கக் குடியிருக்கக்கூடிய வீடு இருந்தால், அது ஒன்ராறியோவில் இருந்தாலும் சரி வெளியே இருந்தாலும் சரி, 180 நாளுக்குள் கைமாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதி வைத்த பங்கு வீடும் இதற்குள் வரும். "அது பூட்டிக் கிடக்குது, சித்தப்பாதான் பார்க்கிறார்" என்று மறைத்துவிட்டு, பிறகு தெரியவந்தால் சப்சிடியே போகலாம். அப்படிப் பங்கு இருந்தால் கையெழுத்து வைப்பதற்கு முதல் ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள், ஏனென்றால் ஊர்க் காணிப் பிரச்சினை 180 நாளில் தீருகிற விஷயமில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், நியாயமான முயற்சி எடுத்தேன் என்று காட்ட ஆவணம் வேண்டும்.

இரண்டாவது, நீண்ட நாள் வெளியே இருப்பது. அம்மம்மா குளிர் தாங்காமல் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வருவார். எத்தனை நாள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. ரிக்கற் வாங்குவதற்கு முதல் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, விருந்தாளி. பெற்றோருக்குக் கொடுக்கிற சூப்பர் விசாவில் வந்த மாமா மாமி மாதக்கணக்கில் நிற்பதற்குப் பெரும்பாலான கோ-ஒப்களில் சபையின் அனுமதி வேண்டும். கேட்டால் பொதுவாகத் தருவார்கள், கேட்காமல் வைத்திருந்தால் அதுவே குற்றமாக வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது நான்காவது. தம்பி கல்யாணம் கட்டி வெளியே போனான். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது, வீடு உங்களுக்குப் பெரிசு, சிறிய வீட்டுக்கு மாற வேண்டும் என்று. அம்மா அந்தக் கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கலைக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அப்படி உடனே கலைக்க மாட்டார்கள். ஆளுக்கு எத்தனை அறை என்று ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டினால் சிறிய வீட்டுக்கான லிஸ்டில் பெயர் போட்டு ஒழுங்காக நடக்க வேண்டும், நடக்காவிட்டால்தான் சப்சிடி போகும். முதலில் கேளுங்கள்: இதே கட்டடத்துக்குள் மாறலாமா? மருத்துவ உபகரணத்துக்கோ நோய்க்கோ தனி அறை வேண்டுமென்றால் டொக்டரின் கடிதம் கொடுக்கலாமா? நாங்கள் கேட்டோம். இரண்டு மாடி கீழே இரண்டு அறை வீடு கிடைத்தது, அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியும் கூடவே இறங்கியது.

சப்சிடி முடிவு பிழை என்று பட்டால் மீள்பரிசீலனை கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கெடு நாட்கணக்கில்தான் இருக்கும், கடிதத்திலேயே போட்டிருப்பார்கள். மனேஜரிடம் வாயால் முறையிட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும்.

ஒழுகல், பூஞ்சணம், கட்டண உயர்வு

திருத்த வேலை செய்யவில்லை என்று, வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற லாண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ட் போர்டுக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். வாடகைக்காரர் பராமரிப்புக்காக அங்கே போடுகிற வழக்கைக் கோ-ஒப் அங்கத்தவர் போட முடியாது. வருஷாந்த வாடகை உயர்வு எல்லையும் கோ-ஒப்புக்குப் பொருந்தாது. அப்போ என்ன வழி? எழுத்து. சீலிங்கில் பழுப்பு வட்டம் வந்த நாளிலேயே படம் எடுத்து, பக்கத்தில் ஒரு 25 சத நாணயத்தை ஒட்டி அளவு தெரியும்படி எடுத்து, திகதியோடு ஈமெயில் போடுங்கள். ஒரு கிழமை கழித்து அதே நாணயத்தோடு இன்னொரு படம். வட்டம் பெருத்திருப்பது கண்ணுக்குத் தெரியும், வாதாடத் தேவையில்லை. பதில் இல்லையென்றால் அடுத்த கடிதம் நிர்வாக சபைத் தலைவருக்கு, "அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிற ஒரு வரியோடு. அதற்கும் அசையாவிட்டால் நகரத்தின் 311 என்கிற போன் நம்பருக்கு அடித்துக் கட்டடத் தர விதியின் கீழ் முறையிடுங்கள்.

கட்டணம் ஏறுவது பற்றிக் கோபப்படுகிறவர்களில் பலர் பட்ஜெட் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. கட்டணத்தை ஏற்றுவது அந்தக் கூட்டத்தில் அங்கத்தவர்கள் போடுகிற வாக்கு. நான் சபையில் இருந்தபோது அறையில் ஆட்கள் காணாமல், கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கைக்காகக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறோம். பட்ஜெட் தாள் முன்கூட்டியே வரும். அதில் இருப்பு நிதி என்ற வரியைப் பாருங்கள், கூரை, பொயிலர், ஜன்னல் மாற்றுவதற்கான காசு அதுதான். 30, 40 வருஷத்துக் கட்டடங்கள், அந்த வரி மெலிந்திருந்தால் நாளைக்கு ஒரேயடியாக ஏறும். ஏன் மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்கவில்லை, கணக்காய்வு அறிக்கை எங்கே என்று எழும்பி நின்று கேளுங்கள், தமிழில் எழுதி வைத்து யாரையாவது மொழிபெயர்க்கச் சொன்னாலும் சரி. ஆள் பார்த்துச் செய்கிறார்கள் என்கிற சந்தேகம் இருந்தால், கட்டடத்துக்குள்ளேயே வீடு மாறுவதற்கான லிஸ்ட் எப்படி நடக்கிறது, அதற்கு எழுதிய விதி எது என்று கேளுங்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அறை இரண்டாகப் பிரியும், வேலை நடக்காது.

சபை முன் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால்

கட்டணம் பாக்கி விழுந்தாலோ விதி மீறினாலோ, சபைக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சபை வெளியேற்ற முடிவெடுத்தாலும் அதோடு முடிந்துவிடாது. 2014 ஜூனில் இருந்து அடுத்த கட்டம் லாண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ட் போர்டில்தான் நடக்கிறது, அதற்கு முன் நீதிமன்றத்தில் நடந்தது. வெட்கத்தில் போகாமல் விடுவதுதான் மிகப் பெரிய பிழை. போங்கள். இந்த மாதம் இவ்வளவு, அடுத்த மாதத்தில் இருந்து மாதம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் சபையில் இருந்த காலத்தில் அப்படித் தாளோடு வந்த ஒரு குடும்பத்தையும் நாங்கள் வெளியே அனுப்பவில்லை.

போவதற்கு முதல் சமூகச் சட்ட உதவி மையத்துக்கு அடியுங்கள், குறைந்த வருமானக்காரருக்கு இலவசம். தெற்காசியச் சட்ட உதவி மையத்தில் தமிழில் கதைக்கலாம். அங்கே போகும்போது கடிதத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள், அது வந்த உறையையும் கொண்டு போங்கள். உறையில் குத்தியிருக்கிற தபால் திகதியை வைத்துத்தான் உங்களுக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் எண்ணத் தொடங்குவார்கள்.